ஸ்டாப்பரின் தொண்டை

அவர் ஆடுவதைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கத்துவதைத்தான் கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிது. காலை ஷிஃப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி அறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். தைல மரங்களுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் யாரையோ கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். யூனியன் தகராறு, இன்றைக்கு ஒரு மண்டையாவது உடையும் என்று நினைத்து வேடிக்கை பார்க்க ஓடினேன். மரங்களைத் தாண்டினால் செம்மண் மைதானம். கால்பந்து நடக்கிறது. ஒரே ஒருவர் ஆடிக்கொண்டே தன் கட்சி ஆட்கள் அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் பம்ப் கம்பெனி கிளப்பின் ஸ்டாப்பர் அவர். கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று வருகிறவனையெல்லாம் மறிக்கிற இடத்துக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். இடத்தின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் யாரது என்று கேட்பார்கள். ஸ்டாப்பர் என்றால் சிப்காட்டில் தெரியாத ஆள் கிடையாது.

இப்போது அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். ஆறடிக்கு மேல் உயரம் என்கிறான் ஒருவன். இல்லை, என் தோளுக்கு வருவார், அவ்வளவுதான். வேகமும் கிடையாது. தலையால் முட்டுவதற்கு எகிறினால் செருப்பளவு உயரம் எழும்புவார். பிறகு எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டால், அந்தத் தொண்டைதான். பந்து எங்கே வரப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததைக் கத்துவார். கத்தியபடி மற்றவர்கள் நகர்ந்தால் பந்து அவர் காலடிக்குத் தானாக வந்து சேரும். பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலை டீமில் ஆடிவிட்டு, எங்கள் கம்பெனி கிளப் ஆரம்பித்தபோது சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியவர். அங்கேயும் இந்தத் தொண்டையை வைத்துத்தான் பிழைத்திருக்கிறார்.

மைதானத்தின் கிழக்கே ஒரு பாறை உண்டு. ஆபீசர்களுக்கு நாற்காலி, எங்களுக்குப் பாறை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்து சாயங்காலம் வரை சுடும். கோணிச்சாக்கை விரித்து உட்காருவோம். அதனால் பாறைக்காரர்கள் என்றே எங்களுக்குப் பெயர். முதல் நாள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவன் நாராயணப்பா. கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், உத்தனப்பள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், கேன்டீனில் தமிழ் என்று வாழ்கிறவன். ஹார்ன் ரிப்பேரானால் கவலைப்பட மாட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரி ஒதுங்கிவிடும்.

"எதுக்குப்பா மூணு பாஷையிலும் கத்துறாரு?" என்று அவனைக் கேட்டேன்.

"அது கணக்குப்பா. கன்னடத்துல கத்தினா வேலை சொல்றாரு. ஹிந்தே நோடுன்னா பின்னால பாரு. பிடபேடான்னா விடாத. பெங்களூருல ஆட்டம் கத்துக்கினாரு இல்ல, ஆட்டத்துக்குண்டான பேச்செல்லாம் கன்னடம்தான் வரும். தெலுங்குல கத்தினா திட்டறாருன்னு அர்த்தம். அது வீட்டு பாஷை, அம்மா அப்பன் கிட்ட வாங்கினத திருப்பிக் குடுக்கறாரு."

"தமிழு?"

"தமிழு அவர் பொண்டாட்டி பாஷை. நல்ல வார்த்தையெல்லாம் அதுலதான். அது எப்பனா ஒருவாட்டிதான் வரும், காத்துக்கினு இரு."

காத்திருந்தேன். நாட்றாம்பாளையத்துப் பையன் முருகேசன் எங்கள் ரைட் பேக், வலது ஓரத்தைக் காக்கிறவன். மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவன், ஓட ஆரம்பித்தால் கண்ணுக்குப் பிடிபட மாட்டான். ஆனால் பயந்தவன். தன் இடத்தை விட்டு முன்னால் ஓடினால் பின்னால் திறந்து கிடக்குமே என்று தயங்கித் தயங்கி நிற்பான். ஒருநாள் பந்து அவன் காலில் கிடைத்தபோது ஸ்டாப்பர் பின்னாலிருந்து கத்தினார்.

"நீ போ, பின்னால நான் இருக்கறன்!"

அவ்வளவுதான். முருகேசன் அந்தப் பக்கத்துக் கார்னர் வரை போய்ப் பந்தை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டுத்தான் நின்றான். திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஸ்டாப்பர் அவன் இடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நாங்கள் வாரா வாரம் பாறையில் பின்பக்கம் வெந்து உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா? கோல் விழுந்ததைவிட அது எங்களுக்குப் பெரிது.

நானும் அவரிடமிருந்துதான் கன்னடமும் தெலுங்கும் கற்றேன். கன்னடம் உருப்படியாக வந்தது, பெங்களூர் பஸ்ஸில் இடம் பிடிக்க உதவியது. தெலுங்கு பாதகம் செய்துவிட்டது. நாராயணப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, மைதானத்தில் அடிக்கடி கேட்ட ஒரு வார்த்தையை, இது மட்டும் திட்டாக இருக்காது, மரியாதையான வார்த்தை என்று எண்ணி அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கரண்டியை ஓங்கிவிட்டார். விஷயம் ஸ்டாப்பர் காதுக்குப் போய், மறுநாள் கேன்டீனில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் திட்டுக்குப் பெரிய ஆள் சின்ன ஆள் கிடையாது. ஒருமுறை எங்கள் மேனேஜர் நாற்காலியைக் கோட்டுக்கு உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தை வெளியே விரட்டப் போன ஸ்டாப்பர் நாற்காலி தடுக்கி விழப் பார்த்தார். நிமிர்ந்து நின்று தெலுங்கில் ஒரு முழ நீளத்துக்கு விட்டாரே பார்க்கணும். மேனேஜர் வடக்கத்திக்காரர். "என்ன சொல்றார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்ற நாராயணப்பா கொஞ்சமும் அசராமல், "அடி பட்டுடப் போகுது, பத்திரமா உக்காருங்கன்றாரு சார்" என்றான். மேனேஜர் நெகிழ்ந்துபோய் ஸ்டாப்பருக்குக் கை கொடுத்தார்.

ஆனால் எல்லாமே சிரிப்பு இல்லை. வேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களுக்குக் கோல்கீப்பராக இருந்தான். நல்ல கை. மனசுதான் மெல்லிசு. கையில் விழுந்த பந்தை நழுவவிட்டதற்கு ஸ்டாப்பர் மைதானம் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். மறுநாளிலிருந்து அவன் ஆட வரவில்லை. கிளப் அறையில் கேரம் ஆடப் போய்விட்டான். ஸ்டாப்பர் அவன் தங்கியிருந்த அறைக்குப் போனாராம். வாசலில் நின்று, உள்ளே வராமல், "நாளைக்குப் பிராக்டீஸ்" என்று மட்டும் சொன்னாராம். மன்னிப்பு என்கிற சரக்கு அவரிடம் எந்த பாஷையிலும் இல்லை. பையன் தலையாட்டினான், வரவில்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஸ்டாப்பர் எழுந்து போய்விடுவார். எனக்கு அந்த விஷயத்தில் அவர்மேல் வருத்தம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

அவர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது எனக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. மனுஷன் வாயே திறக்கவில்லை. வந்தவர்களுக்குப் பாயைக் காட்டினார். டம்ளரைக் காட்டினார். ரேடியோவைத் திருகிவிட்டு மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி கிருஷ்ணகிரிக்காரர். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் கிரவுண்டுலயே கொட்டிட்டு வந்துடறாரு. வூட்டுக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கறதில்ல."

ஸ்டாப்பர் ரேடியோவை இன்னொரு தடவை திருகினார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அந்தத் தொண்டை கரகரக்க ஆரம்பித்தது. சளி என்றார். மிளகுக் கஷாயம் குடித்தார். சுக்கு, சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று யார் எதைச் சொன்னாலும் வாயில் போட்டார். பிராக்டீசில் கத்துவதை மட்டும் விடவில்லை. கரகரப்பு கீச்சாகி, கீச்சு வெறும் காற்றாகிவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தொண்டைக்குள் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும், உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்பாது என்றார்கள்.

செய்தி கேட்டு நானும் நாராயணப்பாவும் வீட்டுக்குப் போனோம். அவர் எப்போதும் போல ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ பாடவில்லை. அவர் மனைவிதான் பேசினார்.

"வூட்டுல எப்பவும் இப்படித்தாங்க இருப்பாரு. ஆனா முன்ன பேசாம இருந்தாரு. இப்ப பேச முடியாம இருக்காரு. ரெண்டும் ஒண்ணா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லைக்காரங்க மேட்ச் மட்டும் ஆடிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றன்னு பிடிவாதம் பிடிக்கறாரு. கிளப் செக்ரட்டரி வேணாங்கறாராம். நீங்க யாராச்சும் சொல்லுங்க."

அவரை ஆட விடச் சொல்லவா, வேண்டாமென்று சொல்லவா என்று அந்தம்மா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஸ்டாப்பர் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலும் தலையும் நன்றாக இருக்கிற மனிதர், கடைசியாக ஒரே ஒரு தடவை ஸ்டாப்பராக நின்றுவிட்டு வருகிறேன் என்று கேட்கிறார். அதற்குப் பிறகு தான் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லைக்காரர்கள் என்பது அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து மிஷின் கம்பெனி டீம். வருஷத்துக்கு ஒரு மேட்ச், ஒரு வருஷம் அங்கே, மறு வருஷம் இங்கே. அந்த வருஷம் இங்கே. செக்ரட்டரி நல்ல மனுஷர்தான். "கத்த முடியாத ஸ்டாப்பரை வெச்சு என்னய்யா பண்றது?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முருகேசன் போய், அவர் இல்லையென்றால் நானும் இல்லை என்று சொல்லிவிட்டான். பயந்த பையன் அப்படிச் சொன்னதும் செக்ரட்டரி ஒத்துக்கொண்டார்.

பாறை நிரம்பி வழிந்தது. ஆட்டம் ஆரம்பித்தது. மைதானம் அப்படி அமைதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. ஸ்டாப்பர் வாயைத் திறக்கிறார், சத்தம் இல்லை. கையைத் தட்டுகிறார், காற்றில் கேட்கவில்லை. முருகேசன் பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனான், பாதியில் சந்தேகம் வந்து நின்று திரும்பினான். பந்தைப் பறித்துக்கொண்டு அவர்கள் போய்க் கோல் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் முருகேசன் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை, நட்டுவைத்த கல் மாதிரி நின்றான்.

அடுத்த தடவை எதிரி ஆள் ஒருவன் அவன் முதுகுக்குப் பின்னால் நழுவியபோது, எனக்குப் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "ஹிந்தே நோடு!" முருகேசன் பழக்க தோஷத்தில் சட்டென்று திரும்பினான், பந்தைப் பிடித்தான். பாறைக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. ஸ்டாப்பர் என்ன கத்துவார் என்று எங்களில் யாருக்குத் தெரியாது? வருஷக்கணக்காகக் கேட்டு ஊறியவர்கள் இல்லையா? எல்லோரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தோம்.

அங்கேதான் வினை. மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் சும்மா கைதட்டியிருப்பார்கள். எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே! அடுத்து பந்து வந்தபோது பாதிப் பாறை பின்னால் பார் என்று கத்தியது. மீதிப் பாறை முன்னால் போ என்று கத்தியது. தெலுங்கில் திட்ட வேண்டிய இடம் இது என்று முடிவுசெய்து சிலர் திட்டவும் திட்டினார்கள். முருகேசன் நின்ற இடத்தில் தட்டாமாலை சுற்றினான். ரெண்டாவது கோல் விழுந்தது.

பந்தை நடுவுக்கு எடுத்துப்போகிற நேரத்தில் ஸ்டாப்பர் நேராகப் பாறையை நோக்கி வந்தார். உதட்டில் விரலை வைத்தார். பாறை அடங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, நாராயணப்பா மேல் விரலை நீட்டினார். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு திரும்பி நடந்துவிட்டார்.

நாராயணப்பா பாறையின் உச்சியில் ஏறி நின்றான்.

அதன்பிறகு அவன் ஸ்டாப்பரின் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கை போகிற திசைக்குக் கன்னடம் வந்தது. முஷ்டி மடங்கினால் தெலுங்கு வந்தது. எல்லைக்காரர்களுக்கும் மூன்று பாஷையும் புரியும், புரிந்து சுதாரிப்பதற்குள் எங்கள் ஆட்கள் நகர்ந்திருந்தார்கள். அதற்கு மேல் அவர்களால் கோல் போட முடியவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம், பந்து முருகேசன் காலுக்கு வந்தது. ஸ்டாப்பர் உள்ளங்கையை விரித்து முன்னால் தள்ளிக் காட்டினார்.

"நீ போ, பின்னால நான் இருக்கறன்!" என்றான் பாறை உச்சியில் நின்ற நாராயணப்பா.

முருகேசன் பாறையைப் பார்த்தான். பாறைமேல் நிற்கிறவன் பின்னால் இருக்கிறேன் என்றால் எவன் நம்புவான்? பிறகு ஸ்டாப்பரைப் பார்த்தான். அவர் தன் நெஞ்சில் தட்டினார். முருகேசன் ஓடினான். கார்னர் வரை போய்ப் பந்தைத் தூக்கி உள்ளே போட்டான். எங்கள் ஃபார்வர்டு தலையால் முட்டி உள்ளே தள்ளினான். அதற்கு மேல் நேரமில்லை. நாங்கள் தோற்றுத்தான் போனோம். சிலர் இப்போது அந்த மேட்ச்சை ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். இல்லை, தோற்றோம்.

விசில் ஊதியதும் ஸ்டாப்பர் பாறைக்கு எதிரே வந்து நின்று எங்களைத் திட்டினார். ஒரு சத்தமும் இல்லை. முகம் சிவக்க, கை ஆட, கழுத்து நரம்பு புடைக்க, வெறும் வாயசைப்பு. திட்டி முடிக்கும் வரை நாங்கள் அடக்கமாக நின்றோம்.

"இன்னான்றாரு?" என்று கேட்டேன்.

"பாதிப் பேரு எருமையாம். மீதிப் பேரு எருமைக்குப் பொறந்தவங்களாம்."

"உன்னை?"

"என்னை ஒண்ணும் சொல்லல" என்றான் நாராயணப்பா. பொய். அவனையும் சேர்த்துத்தான் சொன்னார், எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பாறைக்கு வந்தார். நாராயணப்பா சாக்கில் பாதி விரித்து இடம் கொடுத்தான். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். ஆட்டம் நடக்கும்போது அவர் கை நாராயணப்பாவின் தொடைமேல் இருக்கும். தட்டினால் கன்னடம். கிள்ளினால் தெலுங்கு. மெதுவாக வருடிக்கொடுத்தால் தமிழ். எங்களுக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், நாராயணப்பாவுக்கு உயிர் போகும். தொடையெல்லாம் கன்றிப்போய் இருப்பதைப் பார்த்து அவன் பெண்டாட்டி சந்தேகப்பட்டு, பாறைக்கே வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனாள்.

"வலிக்கலியாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலிக்குது. ஆனா அவர் கிள்ளாம இருந்தா அன்னிக்கு ஆட்டத்துல இன்னாவோ கொறையா இருக்குது."

அப்படிப் பல வருஷம் போனது. முருகேசன் ஆடுவதை நிறுத்திப் பையன்களுக்குக் கோச் ஆனான். புது ரைட் பேக்குகள் வந்தார்கள். அவர்கள் ஸ்டாப்பர் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. பாறையிலிருந்து வருகிற சத்தம்தான் ஸ்டாப்பர் என்று அவர்களுக்கு எண்ணம். அது தப்பு என்று நாங்கள் யாரும் திருத்தவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். வீட்டில், தூக்கத்தில். அவருக்கு வேறெப்படியும் சாகத் தெரிந்திருக்காது, வீட்டில் அவர் சத்தமே போட்டதில்லையே. வேலூர்க் கோல்கீப்பர் வந்திருந்தான், தலையெல்லாம் நரைத்து. தோள் கொடுக்க முதலில் வந்து நின்றவன் அவன்தான்.

அடுத்து வந்த எல்லைக்காரர்கள் மேட்ச்சை அவர் நினைவாக வைத்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில், மறைந்த மாபெரும் ஆட்டக்காரருக்கு ஒரு நிமிஷ மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆயுசு முழுக்கக் கத்திய மனுஷனுக்கு மௌன அஞ்சலியா? இதைவிட அவமரியாதை இருக்கிறதா? ஆனாலும் எழுந்து நின்றேன். பாறையே எழுந்து நின்றது. சாக்கில் அவர் இடத்தில் யாரும் உட்காரவில்லை. கீழே ரெண்டு டீமும் தலைகுனிந்து வரிசையில் நின்றன. கோட்டோரம் முருகேசன், தொப்பையும் விசிலுமாக, கையைக் கட்டி நின்றான். தைல மரங்களில் காற்று மட்டும் சத்தம் போட்டது.

"நீ போண்ணா! பின்னால நாங்க இருக்கறோம்!"

மைதானமே அதிர்ந்தது. நாராயணப்பா. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க. நாற்காலிக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். ரெஃபரி என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். கீழே முருகேசன் மட்டும், கையைக் கட்டியபடியே, தன்னை அறியாமல் ஓரடி முன்னால் எடுத்து வைத்துவிட்டான்.

நான் நாராயணப்பாவின் தோளைத் தொட்டேன்.

"யாருப்பா உன்னைக் கத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல" என்றான், தொடையைத் தடவிக்கொண்டே. "இத்தன வருசம் கத்தினதெல்லாம் அவர் பேச்சு. இது என்னுது."